தகடூர் யாழும் வீட்டு வீணையும்: ஒலி, பேணல், பதிவு

தகடூர் யாத்திரை என்னும் நூல் இன்று முழுமையாகக் கிடைத்திலது. சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானது தகடூரை முற்றி எறிந்த போர் அந்நூலின் பொருள். அதன் செய்யுட்களிற் சில மட்டும் புறத்திரட்டு என்னும் தொகை நூலிலும் தொல்காப்பிய உரையிலும் எஞ்சி நிற்கின்றன. ஒருவர் தொகுத்து வைத்தமையும், மற்றொருவர் மேற்கோளாக எடுத்தாண்டமையுமே அவை பிழைத்தமைக்குக் காரணமாம். அத்தகடூரே இன்றைய தருமபுரி. அவ்வூர் அவைக்களத்தில் ஒலித்த யாழுக்கு இத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை. அதன் பெயர் உண்டு. உறுப்புக்களின் பெயர் உண்டு. நரம்புகளின் தொகையும் உண்டு. ஒலி ஒன்றே இல்லை.

இவ்விழப்பு எவ்வாறு நேர்ந்தது, அதனின்றும் நாம் கற்கத்தக்கது யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். கருவியின் ஒலியியல்பை அறிதல், அதனை நாளும் பேணுதல், அதன் ஒலியைப் பதிந்து வைத்தல் என்னும் மூன்றும் ஒருங்கு அமைந்தாலன்றி ஓர் இசைமரபு காலத்தை வெல்லாது. முதல் இரண்டிலும் நம் முன்னோர் சிறந்து விளங்கினர். மூன்றாவது அவர்கட்கு இயலாததாயிற்று, நமக்கு இயலும்.

1. தகடூர் அவையில் யாழ்

அதியமான் நெடுமான் அஞ்சி வெறும் புலவர் கற்பனையல்லன். 1981-இல் திருக்கோவலூர்ப் பக்கத்துச் சம்பையிற் கண்டறியப்பட்ட கல்வெட்டு அவன் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்தில் தாங்கி நிற்கின்றது. அவனை ஔவையார் பாடிய பாட்டுக்களுள் ஒன்று (புறம். 92) நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாதது. குழந்தையின் மழலை யாழோடு ஒத்துவாராது, காலத்தோடும் பொருந்தாது, பொருளும் விளங்காது, ஆயினும் தந்தைக்கு அருள் சுரக்கச் செய்யும், அதியமான்பால் தம் சொல்லும் அத்தகையதே என்பது அப்பாட்டின் கருத்து.

ஈண்டு ஒன்று நோக்கத்தக்கது. ஓர் ஒலி பொருந்துகின்றதா இல்லையா என அளந்தறிய ஔவையார் முதற்கண் எடுத்த அளவுகோல் யாழே. குழல் அன்று, முழவும் அன்று. கேட்போர் அனைவர் செவியிலும் யாழின் சுருதி பதிந்திருந்தாலன்றி இவ்வுவமை பயன்படாது. எனவே, தகடூர் அவையில் யாழ் அருகி ஒலித்த கருவியன்று. பிற ஒலிகளை ஒப்பிட்டு நோக்கும் நிலைக்கருவியாக விளங்கிற்று எனக் கொள்ளுதல் பொருந்தும்.

அவ்வவையினர் செவிக்கூர்மைக்குப் பிறிதொரு சான்றும் உண்டு. பொதுவிடத்தில் தொங்கவிட்ட தண்ணுமையின் கண்ணில் காற்று மோத, அவ்வோசை கேட்டு, போர் வந்தது என மகிழும் தலைவனாக அஞ்சியை ஔவையார் காட்டுகின்றார் (புறம். 89). வாரால் இறுக விசித்த தோல் சிறு காற்றுக்கும் அதிர்ந்து ஒலிக்கும் என்னும் ஒலியியல் உண்மை அப்பாட்டினுள் அடங்கியுள்ளது.

2. யாழின் அமைப்பும் ஒலியும்

யாழின் உறுப்புக்களைப் பொருநராற்றுப்படை தொடக்கத்திலேயே விரித்துரைக்கின்றது. மான் குளம்பு பதிந்த சுவடு போல் நடுவுயர்ந்து இருபுறமும் தாழ்ந்த பத்தர். விளக்குச் சுடரின் நிறமுடைய தோற்போர்வை. நண்டின் கண் போன்ற ஆணிகள். எட்டாம் நாள் திங்கள் வடிவிலமைந்த வறுவாய். தலை தூக்கிய பாம்பு போன்ற கோடு. மகளிர் முன்கை வளை போன்ற திவவு என அந்நூல் கூறும் உவமைகள் வெறும் அணியல்ல. அளவும் வடிவும் அறிந்தோன் ஒருவன் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு கூறிய குறிப்புக்களாகவே அவை தோன்றுகின்றன.

இனி, அக்கருவி ஒலித்த முறையைக் காண்பாம். நரம்பு தானே அசைக்கும் காற்று மிகச் சிறிது. அதன் அதிர்வு பத்தரின் மேல் போர்த்த தோலைச் சென்று பற்ற, அகன்ற தோல் அதிர்ந்து காற்றை அசைக்கின்றது. பத்தரின் உள்வெளி அவ்வொலிக்குத் துணை நிற்கின்றது. நரம்பின் நீளம் பாதியானால் சுருதி இரட்டிக்கும். இழுவிசை நான்கு மடங்கானால் சுருதி இரட்டிக்கும். யாழில் ஒவ்வொரு நரம்பும் ஒவ்வொரு சுரத்துக்கு உரியது. ஆகலின், சுரம் பலவாக வேண்டின் நரம்பும் பலவாதல் வேண்டும். பேரியாழுக்கு 21, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என உரையாசிரியர் கூறும் நரம்புத் தொகை இதனால் விளங்கும்.

அரசவைக்கு அப்பாலும் யாழ் வாழ்ந்தது. குழல் ஊதிச் சலித்த இடையன், உட்டுளையுடைய குமிழங்கொம்பை வளைத்து, மரல் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டி, வில்யாழ் இசைத்த காட்சியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. ஆநிரை மேய்ப்பும் நிரை மீட்புப் போரும் நடந்த நிலம் தகடூர் நாடு என்பதை இம்மாவட்டத்து நடுகற்கள் இன்றும் அறிவிக்கின்றன. காட்டில் கிடைத்த கொம்பும் நாருமே கருவியாயின என்பது இத்தகைய நிலத்து மக்களின் இசையை உணரத் துணை செய்யும்.

3. யாழ் மறைந்ததும் வீணை நின்றதும்

பெரியபுராணம் கூறும் வரலாறு ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. திருஞானசம்பந்தர் தருமபுரத்தில் பாடிய பதிகம் யாழில் அடங்காமற் போக, திருநீலகண்ட யாழ்ப்பாணர் தம் யாழையே முறிக்க ஓங்கினர் என்பதும், சம்பந்தர் தடுத்தனர் என்பதும் அது. இத்தருமபுரம் காரைக்காலை அடுத்துள்ளது, நம் தருமபுரியன்று. பெயரொப்புமையால் மயங்காதிருத்தல் வேண்டும்.

இதனை ஒலியியல் வழி நோக்கின், இரண்டு தலையிலும் கட்டுண்டு, ஒரு சுரத்திற்கே இறுக்கப்பட்ட நரம்பில் சுரத்தை வளைத்தும் அசைத்தும் இசைத்தல் அரிது என்பது புலப்படும். குரல் எளிதில் செய்யும் கமகத்தை யாழ் செய்ய இயலாது திகைத்தது எனலாம். வீணையிலோ ஒரே தந்தியை மெட்டின் மேல் அழுத்தி நீளத்தைக் குறைக்கலாம். பக்கவாட்டில் இழுத்து இழுவிசையைக் கூட்டலாம். ஒரு தந்தியில் பல சுரமும், சுரத்துக்குச் சுரம் இடைப்பட்ட அசைவும் கைகூடுகின்றன. குரலிசை கமகத்தை நாடி வளர்ந்தபோது, யாழ் பின்னிட வீணை முன்வந்தது இயல்பே. இது ஒன்றே காரணம் என்பது எம் கருத்தன்று. பாணர் குலம் நலிந்தமையும் உடன் எண்ணத்தக்கது.

இன்று நாம் காணும் தஞ்சாவூர் வீணை, 24 மெட்டுக்கள் நிலையாகப் பொருத்தப்பெற்ற கருவி. இவ்வமைப்பு இரகுநாத நாயக்கர் காலத்தில், அஃதாவது 17-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், உருப்பெற்றது என்பர். பலாமரக் குடம், தண்டி, யாளிமுகம், பிரடைகள், நான்கு வாசிப்புத் தந்திகள், மூன்று பக்கத் தந்திகள் என்பன அதன் உறுப்புக்கள்.

வீணையின் ஒலிச்சிறப்பு அதன் குதிரையில் உள்ளது. மேலைநாட்டுக் கருவிகளில் தந்தி கூரிய விளிம்பில் அமர்கின்றது. வீணையிலோ மெல்ல வளைந்த அகன்ற பித்தளைத் தகட்டின் மேல் தவழ்கின்றது. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகின்றோமோ, அவ்விடத்தில் அசையாப் புள்ளியைக் கொண்ட மேற்சுரங்கள் ஒலியில் தோன்றா என்பது பழைய விதி. வீணையும் தம்பூராவும் அவ்விதிக்கு அடங்காமல், தோன்றலாகாத மேற்சுரங்களையும் வலிமையுடன் எழுப்புகின்றன என்பதை அறிஞர் சி. வி. இராமன் 1921-இல் வெளியிட்ட ஆய்வில் நிறுவினார். தகட்டின் வளைவே அதற்குக் காரணம் என்றும் விளக்கினார். கைவினைஞர் பல தலைமுறையாகச் செவியால் அறிந்து அரத்தால் இழைத்த வளைவை அறிவியல் பின்னர் வந்து ஒப்புக்கொண்டது.

4. பேணல்

கருவியைப் பேணுதல் பண்டு இசைக்கல்வியின் ஒரு கூறாகவே இருந்தது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில், சித்திரத் துகிலாலாய உறையிலிருந்த யாழ் பத்தர், கோடு, ஆணி, நரம்பு என்பனவற்றில் குற்றம் நீங்கியதாகக் கூறப்படுகின்றது. அதனை மாதவி தொழுது வாங்கி, பண்ணல் முதலிய எண்வகைச் செயலானும் ஆராய்கின்றாள். உறையிடுதல், குற்றம் நோக்குதல், சுருதி கூட்டுதல் என்னும் மூன்றும் இசைக்கு முற்பட்ட கடமைகள் என்பது இதனால் தெளிவு.

சீவகசிந்தாமணியில் சீவகன் தனக்குத் தரப்பெற்ற யாழ்களை ஒவ்வொன்றாக விலக்குகின்றான். ஒரு நரம்பின் முறுக்கைப் பிரித்து உள்ளே மயிர் இருத்தலைக் காட்டுகின்றான். நீரில் நின்று அழுகிய மரம், வெந்த மரம், இடி வீழ்ந்த மரம், நோயுற்ற மரம் ஆகியன யாழுக்கு ஆகா என்பதும், கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என்பன நரம்பின் குற்றங்கள் என்பதும் பழையோர் கொள்கை. இவையனைத்தும் இன்றைய ஒலியியலுக்கு உடன்பாடே. அழுகிய மரம் அதிர்வை விழுங்கிவிடும். ஒருசீரல்லாத நரம்பின் மேற்சுரங்கள் ஒத்திசையாமல் ஒலியைக் கெடுக்கும்.

இன்று வீடுகளில் உள்ள வீணைக்கும் இக்கடமைகள் உரியன. தருமபுரி போன்ற உள்நாட்டுப் பகுதியில் கோடையின் வறட்சியும் வடகிழக்குப் பருவத்தின் ஈரமும் மரத்தை மாறி மாறிச் சுருக்கியும் விரித்தும் வருத்தும். மெட்டுக்களைத் தாங்குவது கருமெழுகு. கடும் வெப்பத்தில் அது இளக, மெட்டு இடம் பெயர்ந்து சுரம் பிழைபடும். அப்போது மேளம் கட்டுதலில் வல்ல கைவினைஞரை நாடுதல் வேண்டும். வெயில் படும் சன்னலருகிலும் அடுப்புக்கு அண்மையிலும் வீணையை வைத்தலாகாது. வாசித்தபின் தந்திகளை உலர்ந்த துணியால் துடைத்தால் வியர்வையால் துருவேறாது. நெடுநாள் வாசியாதிருப்பின் தந்திகளைச் சிறிது தளர்த்தி உறையிட்டு வைத்தல் நன்று. இவை எளியன, ஆயினும் இவற்றைச் செய்யாமையால் பரணில் வெடித்துக் கிடக்கும் வீணைகள் பல.

5. பதிவு

பேணினும் கருவி என்றேனும் அழியும். எஞ்ச வேண்டுவது அதன் ஒலி. இசையைக் கல்லில் பதிய முயன்றவர்களும் உளர். புதுக்கோட்டையைச் சார்ந்த குடுமியான்மலையில், 7-ஆம் நூற்றாண்டினதாகக் கருதப்பெறும் கல்வெட்டு ஏழு பண்களுக்குரிய சுரக்கோவைகளை நிரல்படத் தருகின்றது. ஆங்குப் பரிவாதினி என்னும் வீணையின் பெயரும் உண்டு. எழுத்துக்கள் இன்றும் தெளிவாக உள்ளன. அவற்றை எங்ஙனம் இசைத்தனர் என்பதில் அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. கல் எழுத்தைக் காத்தது; ஒலியைக் காக்கவில்லை.

யாழுக்கும் இதுவே நேர்ந்தது. விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைத்து, சிலப்பதிகார உரைகளையும் கணித முறையையும் துணைக்கொண்டு யாழ்களின் அமைப்பை மீட்டெடுத்து, 1947-இல் யாழ் நூலை வெளியிட்டார்; அவ்வாண்டிலேயே மறைந்தார். அப்பெருமுயற்சி போற்றற்குரியது. எனினும், ஒரு பேரறிஞரின் வாழ்நாள் உழைப்பும் ஒரு நாழிகை நேர ஒலிப்பதிவுக்கு ஈடாகாது என்னும் உண்மையை மறைத்தற்கில்லை.

எடிசன் 1877-இல் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டபின் நிலை மாறிற்று. வீணை தனம்மாள் (1867–1938) சென்னையில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமைதோறும் வாசித்தார். ஒலிபெருக்கியில்லாத அவ்வறையில் கேட்போர் மூச்சடக்கி அமர்ந்திருந்தனர் என்பர். அவர் முதுமையில், 1930-களில், வாசித்துப் பதிந்த இசைத்தட்டுக்கள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. தட்டின் ஒரு பக்கத்துக்குச் சற்றேறக்குறைய மூன்று நிமிடமே இடம். விரிவான ஆலாபனையை அது கொள்ளவில்லை. ஆயினும், அவர் மீட்டின் மென்மையை அறிய நமக்குக் கற்பனை வேண்டுவதில்லை.

பின்னர் நாடாப் பதிவுக் கருவி வந்தது. 1963-இல் ஒலிப்பேழை அறிமுகமாயிற்று. வீட்டிலிருந்தே நெடுநேரம் பதிதல் எளிதாயிற்று. இன்று கைபேசியும் பதிவுக் கருவியே. எனினும், வீணையைப் பதிவதற்குச் சில முறைகள் உண்டு. கைபேசியின் பேச்சுக்கான இரைச்சல் நீக்கம், தேய்ந்து மறையும் தந்தி ஒலியை இரைச்சலென மயங்கி அறுத்துவிடும். அதனை நிறுத்திவிடுதல் வேண்டும். விசிறியை நிறுத்தி, சன்னலை அடைத்து, தரையிற் பாய் விரித்தல் நன்று. ஒலிவாங்கியைக் குடத்தை நோக்கி ஏறத்தாழ அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் தொலைவில் வைக்கலாம். மிக நெருங்கின் விரல் உரசும் ஓசை மிகும். மிக விலகின் அறையின் எதிரொலி மிகும். நொடிக்கு 48,000 மாதிரிகளும் 24 பிட் ஆழமும் உடைய சுருக்கப்படாத பதிவே காப்புக்குத் தக்கது. பழைய நாடாக்களை ஈரமும் காந்தமும் அணுகாத இடத்தில் நிறுத்திவைத்து, காலந்தாழாது எண்முறைக்கு மாற்றுதல் வேண்டும். படி ஒன்றன்று, மூன்றாக வேறு வேறிடங்களில் இருத்தல் வேண்டும்.

இவற்றினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. புறநானூற்றுப் பாட்டின் அடியில் பாடினோர், பாடப்பட்டோர், திணை, துறை என்பன குறிக்கப்பட்டுள்ளன. அக்குறிப்பு இல்லையேல், யாழை அளவுகோலாக்கிய அப்பாட்டு ஔவையாருடையது என நாம் அறிந்திரோம். அதுபோன்றே, ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் வாசிப்பவர் பெயர், ஆசிரியர் பெயர், ஊர், நாள், சுருதி, பண் ஆகியவற்றை வாய்ச்சொல்லால் கூறிப் பதிதல் வேண்டும். பெயரில்லாப் பதிவு ஒரு தலைமுறைக்குப்பின் பொருளற்ற ஒலியாகிவிடும்.

தொகுத்து நோக்குமிடத்து, தகடூரின் யாழ் ஒலி அழிந்தது அறியாமையாலன்று; புறக்கணிப்பாலும் அன்று. அதனை நிலைநிறுத்தும் கருவி அக்காலத்து இல்லாமையால் அழிந்தது. இன்று அக்கருவி ஒவ்வொரு வீட்டிலும் உள்ளது. சிற்றூர்களில் வீணை வாசிக்கும் முதியோரும், தம் ஆசிரியர் வழி வந்த கைமுறையை அறிந்தோரும் நம்மிடை உளர். அவர்களை அணுகிப் பதிதலையும், அப்பதிவுகளைக் குறிப்புடன் காத்தலையும், ஏடு தேடிப் பதிப்பித்தலோடு ஒத்த ஆராய்ச்சிப் பணியாகத் தமிழ்த்துறைகள் ஏற்றல் வேண்டும். இப்பணி காலந்தாழ்ப்பின், ஒரு காலத்து யாழ் நமக்கு எந்நிலையில் உள்ளதோ அந்நிலையிலேயே இவ்வீணையும் நம் பின்னோர்க்கு அமையும்.