கட்டியவர்களும் கட்டுவித்தவரும்

நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கி நகருக்கு ஒரு கருத்தரங்குக்காகப் போயிருந்தேன். அங்கிருந்து மேற்கே சுமார் 60 மைல் போனால் அகோமா பழங்குடியினரின் ஊர். வறண்ட சமவெளியில் செங்குத்தாக எழுந்து நிற்கும் பாறை, 350 அடிக்கு மேல் உயரம். உச்சியில் மண் வீடுகள், அவற்றை ஒட்டி சான் எஸ்தெபன் தெல் ரே தேவாலயம். 1629இல் தொடங்கிய கட்டடம். உச்சி வெறும் பாறை. மழைநீர் தேங்கும் சுனைகள் உண்டு, மண் கிடையாது. சுவருக்கான மண்ணையும் கல்லறைத் தோட்டத்தை நிரப்பிய மண்ணையும் கீழிருந்துதான் சுமந்தார்கள். கூரை உத்திரங்கள் 30 மைல் தொலைவிலுள்ள டெய்லர் மலையிலிருந்து வந்தன.

கட்டியவர் ஃபிரான்சிஸ்கன் துறவி ஹுவான் ராமிரெஸ் என்றுதான் சுற்றுலா நூல்கள் சொல்கின்றன. இலக்கணம் கற்பிப்பவளுக்கு இது உறுத்தாமல் இருக்குமா? ராமிரெஸ் கட்டவில்லை, கட்டுவித்தார். பிறவினையைத் தன்வினையாக எழுதும்போதெல்லாம் யாரோ காணாமற்போகிறார்கள்.

யார் என்பதற்குச் சாட்சி ஸ்பானியத் தரப்பிலேயே இருக்கிறது. துறவி அலோன்சோ தெ பெனவிதெஸ் 1630இல் மன்னருக்கு அளித்த அறிக்கையில், இம்மக்களிடையே சுவர் எழுப்புவது பெண்களின் வேலை, நெசவும் வேட்டையும் போரும் ஆண்களுடையவை என்கிறார். ஓர் ஆணைச் சுவர் கட்டச் சொன்னால் அவன் ஓடிவிடுவதையும் பெண்கள் சிரிப்பதையும் வேடிக்கைபோல எழுதுகிறார். ஐம்பதுக்கும் மேற்பட்ட தேவாலயங்கள் இப்படிப் பெண்களாலும் சிறுவர் சிறுமியராலும் எழுந்தனவாம்.

படித்தபோது எனக்கும் சிரிப்பு வந்தது. 1599 நினைவுக்கு வந்ததும் அடங்கிவிட்டது.

உணவு கேட்டு வந்த ஸ்பானிய வீரர்களை அகோமா மக்கள் கொன்றதற்குப் பழியாக, அந்த ஆண்டு ஜனவரியில் படை பாறைமேல் ஏறியது. சுமார் 800 பேர் மாண்டனர். ஆளுநர் ஒன்யாதே தீர்ப்பளித்தார்: 25 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு ஒரு பாதத்தை வெட்டுவதோடு 20 ஆண்டு அடிமை ஊழியம், 12 வயதைத் தாண்டிய பெண்களுக்கும் 20 ஆண்டு. அதற்கும் இளைய சிறுமியர் ஒரு துறவியிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். சுமார் அறுபது பேர் மெக்சிகோ நகரின் கன்னிமாடங்களுக்கு அனுப்பப்பட்டார்கள்.

தப்பியவர்கள் மெல்லத் திரும்பி ஊரை எழுப்பினார்கள். தீர்ப்பின்போது 13 வயதிருந்த ஒருத்தி அப்படித் திரும்பியிருந்தால், ராமிரெஸ் வந்தபோது அவளுக்கு 43. ஏறக்குறைய என் வயது. தன் வீட்டுக்கு மண் குழைத்த கைகளால்தான் அவள் இந்தச் சுவருக்கும் குழைத்திருப்பாள். அந்த வீடு அவளுடையது, மகளுக்குப் போவது. இந்தச் சுவர் யாருடையது? பெண்களே ஆதிக் கட்டடக் கலைஞர்கள் என்று மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்க எனக்கும் தெரியும். அங்கே நின்றபோது அதைச் சொல்ல வாய் வரவில்லை.

1680இல் புவெப்லோ மக்கள் கிளர்ந்தெழுந்து ஸ்பானியரை விரட்டியபோது பல தேவாலயங்கள் அழிந்தன. இது தப்பியது. பாட்டிமார் எழுப்பிய சுவரை இடிக்க மனம் வரவில்லையோ என்று எழுதக் கை துடிக்கிறது. ஊகத்தை வரலாறாக்க எனக்கு உரிமையில்லை.

உள்ளே படமெடுக்க அனுமதியில்லை. வெளியே வந்ததும், எங்களை அழைத்துச் சென்ற அகோமாப் பெண் ஒரு வீட்டைக் காட்டினாள். அம்மாவுடையது, அடுத்து கடைசித் தங்கைக்கு என்றாள்.

“உங்களுக்கு இல்லையா?”

“நான் மூத்தவள். சுவர் பூச மட்டும் கூப்பிடுவார்கள்.”