பலகையில் காத்திருந்த படம்

உருகி வழியும் கடிகாரங்களை வரைந்த சால்வடோர் டாலியும் மிக்கி மவுஸின் வால்ட் டிஸ்னியும் 1945-ல் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கத் துணிந்தார்கள். ஹிட்ச்காக்கின் ‘ஸ்பெல்பவுண்ட்’ படத்துக்குக் கனவுக் காட்சியை வடிவமைத்துக் கொடுத்திருந்த டாலியை டிஸ்னி சந்தித்தது ஜாக் வார்னர் வீட்டு விருந்தில். மெக்சிகோ இசையமைப்பாளர் அர்மாண்டோ டொமிங்கெஸின் காதல் பாடல் ஒன்று டிஸ்னியிடம் இருந்தது. படத்துக்கும் அந்தப் பாடலின் பெயரே: ‘டெஸ்டினோ’.

டிஸ்னி ஸ்டூடியோவில் எந்தப் படமும் ஸ்டோரிபோர்டில்தான் பிறக்கும். 1930-களின் தொடக்கத்தில் கதைப்பிரிவில் இருந்த வெப் ஸ்மித், காட்சிகளைத் தனித்தனித் தாள்களில் வரைந்து சுவரில் ஊசி குத்தி மாட்டியதிலிருந்து இந்த வழக்கம் வந்தது என்பார்கள். 1933-ல் வெளியான ‘மூன்று பன்றிக்குட்டிகள்’ இப்படி முழுதாகப் பலகையில் திட்டமிடப்பட்ட முதல் படங்களில் ஒன்று. தாள்கள் தனித்தனியாக இருப்பதுதான் இதன் பலம். பிடிக்காததைக் கழற்றிவிடலாம், பின்னால் வருவதை முன்னால் மாட்டிப் பார்க்கலாம், ஒருவர் பலகை முன் நின்று கதையை நடித்துக் காட்ட, மற்றவர்கள் எங்கே தொய்வு என்று சொல்லலாம்.

ஓநாய் ஊதுகிறது, வீடு விழுகிறது என்று போகும் கதைக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். டாலியின் கனவிலோ ஒன்றுக்கு அடுத்தது ஏன் வருகிறது என்று கேட்கவே முடியாது. எறும்புகள் சைக்கிள் ஓட்டும் மனிதர்களாகும். இரண்டு தலைகளுக்கு நடுவே உள்ள வெற்றிடம் நடனமாடும் பெண்ணாகும். இதை எப்படித் தாள் தாளாகப் பிரிப்பது?

அந்தப் பொறுப்பு ஜான் ஹெஞ்சிடம் வந்தது. 1939-ல் ஸ்டூடியோவில் சேர்ந்த ஓவியர் அவர். டாலி பர்பேங்க் ஸ்டூடியோவுக்கு வந்து வேலை செய்ய, இருவரும் சுமார் எட்டு மாதங்கள் சேர்ந்து வரைந்தார்கள். காலத்தின் உருவமான க்ரோனோஸுக்கும் ஒரு மானுடப் பெண்ணுக்கும் இடையிலான கைகூடாத காதல்தான் கதை. இன்னொரு கலைஞரின் பாணியைக் கடன் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அவருடைய பொருட்களை அள்ளிக்கொண்டு வருவார்கள்: ஒரு வளைந்த கடிகாரம், ஒரு பாலைவனம், நீண்ட நிழல். ஹெஞ்சின் கவனம் ஓர் உருவம் மற்றொன்றாக மாறும் அந்த நொடியில் இருந்தது. ஓவியத்தில் ஒரே பார்வையில் தெரியும் இரட்டை உருவத்தைக் காலத்தில் நகரும் மாற்றமாக விரித்தால்தான் அது அனிமேஷன் ஆகும். இந்தப் படத்தின் உண்மையான சாதனை அதுதான்.

ஆனால் போருக்குப் பின் ஸ்டூடியோ பண நெருக்கடியில் இருந்தது. 1946-ல் வேலை நின்றது. டிஸ்னியின் மனம் மாறாதா என்ற எதிர்பார்ப்பில் ஹெஞ்ச் 20 விநாடிக்கும் குறைவான ஒரு சோதனைப் படத்துண்டைச் செய்து வைத்தார். அதனாலும் பயன் இல்லை. டிஸ்னியும் டாலியும் நண்பர்களாகவே இருந்தார்கள். டிஸ்னி 1966-லும் டாலி 1989-லும் இறந்தார்கள். படம் தாள்களாகவே கிடந்தது.

1999-ல் ‘ஃபேன்டேசியா 2000’ வேலையின்போது வால்ட்டின் அண்ணன் மகன் ராய் ஈ. டிஸ்னி இதைக் கையில் எடுத்தார். பாரிஸில் இருந்த டிஸ்னி ஸ்டூடியோவில், டொமினிக் மோன்ஃபெரியின் இயக்கத்தில், சுமார் 25 அனிமேட்டர்கள் அந்தப் பழைய தாள்களைப் படிக்க உட்கார்ந்தார்கள். வரிசை புரியவில்லை, சில படங்கள் எதைச் சொல்கின்றன என்பதே தெளிவாக இல்லை. டாலியின் மனைவி காலாவின் குறிப்பேடுகள் ஓரளவு உதவின. அதைவிடப் பெரிய துணை, தொண்ணூறு வயதைத் தாண்டியும் உயிரோடிருந்த ஹெஞ்ச்தான். ஸ்டோரிபோர்டு படம் எடுப்பதற்கான குறிப்பு மட்டுமே. அதன் பாதி விளக்கம் வரைந்தவரின் நினைவில் இருக்கும். அவரும் போயிருந்தால் இந்தப் படம் வெறும் ஊகமாகியிருக்கும்.

2003 ஜூன் 2 அன்று பிரான்சின் அனெசி அனிமேஷன் விழாவில் ‘டெஸ்டினோ’ திரையிடப்பட்டது. சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றது. விருது விழாவுக்குச் சில வாரங்கள் முன்பு, 2004 பிப்ரவரியில், 95 வயதில் ஹெஞ்ச் காலமானார்.

ஏழு நிமிடம்கூட ஓடாத இந்தப் படத்தைப் பார்க்கக் கிடைத்தால், இரண்டு ஆமைகள் எதிரெதிராக நகர்ந்து வரும் இடத்தில் கொஞ்சம் நிதானியுங்கள். அந்தச் சில விநாடிகள் மட்டும் 1940-களில் ஹெஞ்ச் செய்து வைத்த அசல்.