கடற்கரையும் ஓய்வுநாளும்

விருத்தாசலத்திற்குக் கடல் இல்லை. மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலைச் சூழ்ந்து வளர்ந்த இவ்வூர், கடந்த நூற்றாண்டில் களிமண்ணாலும் சூளையாலும் பீங்கான் நகரம் எனப் பெயர் பெற்றது. ஆறு நாள் சூளை வெக்கையில் நின்றவர்கள் ஏழாம் நாள் காற்று வாங்க எண்ணினால், ஏறத்தாழ 60 கிலோமீட்டர் கிழக்கேயுள்ள கடலூர் தேவனாம்பட்டினத்துக் கரையே நினைவுக்கு வரும். மக்கள் அதனைச் சில்வர் பீச் என்பர். பங்கு இளைஞர்கள் சுற்றுலாவென்று வேன் ஏறுவதும் பெரும்பாலும் அங்கேதான். அந்தக் கரையும், அங்குப் போவதற்கான அந்த நாளும் நமக்கு எவ்வாறு வாய்த்தன என்று சற்றே எண்ணிப் பார்ப்போம்.

கடலுக்குச் சென்று மகிழ்வது தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கடலாடு காதை என்றொரு பகுதியே உண்டு. இந்திர விழாவின் நிறைவில் புகார் நகரத்தார் கடலாடச் சென்றதை இளங்கோவடிகள் அங்கே பாடுகிறார். மாசி மகத்தன்று சுற்றூர்த் தெய்வத் திருமேனிகள் தேவனாம்பட்டினத்திற்குத் தீர்த்தவாரிக்கு வருகின்றன. நம்மவரோ வேளாங்கண்ணிக்குப் போனால் கடலில் கால் நனைக்காமல் திரும்புவதில்லை. ஆயினும் இவையெல்லாம் விழாவையொட்டிய கடலாட்டு. உழைப்பாளி ஒருவன் வாரந்தோறும் குடும்பத்தோடு வந்து மணலில் சும்மா உட்கார்ந்திருப்பது பின்னர் வந்தது.

தேவனாம்பட்டினத்துக் கரை நெடுங்காலம் ஓய்வின் கரையாக இருக்கவில்லை. 1690-இல் ஆங்கிலேயர் இங்கிருந்த கோட்டையை மராட்டியரிடம் விலைக்கு வாங்கினர். பீரங்கிக் குண்டு எட்டும் தொலைவுவரை நிலமும் அவர்களுக்கே என்பது உடன்பாடு. குண்டுகள் நாற்புறமும் முழங்கின. அவை விழுந்த எல்லைக்குள் இருந்த ஊர்கள் குண்டுக் கிராமங்கள் ஆயின. ஊராரை யார் கேட்டார்கள்? புனித டேவிட் கோட்டை என்று அவர்கள் பெயரிட்ட அதனை 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கைப்பற்றி இடித்தார்.

உலாவுவதற்கென்றே கரையைத் திருத்தியது சென்னையில். ஆளுநர் கிராண்ட் டஃப் 1884-இல் கடலோரமாக உலாச்சாலை அமைத்து, மெரினா என்று பெயரிட்டார். அகன்ற அந்த மணற்பரப்பு முழுவதும் இயற்கை தந்ததன்று. ஆண்டின் பெரும்பகுதியில் வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகச் சுவர்கள் தடுத்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா விரிந்தது; வடக்கே இராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. அங்கே நிலம் இழந்தவர்களுள் மீனவரும் உண்டு.

சாலை வந்தது, உழைப்பாளிக்கு நாள் வரவில்லை. அதே 1884-இல் பம்பாயில் நாராயண் மேகாஜி லோகண்டே ஆலைத் தொழிலாளரைக் கூட்டி, ஞாயிறு விடுமுறை கோரும் மனுவொன்றை உருவாக்கினார். ஏறத்தாழ 5,500 பேர் அதில் கையொப்பமிட்டனர். லோகண்டே கிறிஸ்தவர் அல்லர். மகாத்மா புலேயின் தோழர். மராட்டிய உழவரும் தொழிலாளரும் வணங்கிய கண்டோபா தெய்வத்தின் நாள் ஞாயிறு என்பதும் அக்கோரிக்கைக்குத் துணை நின்றது. 1890 ஜூன் 10-ஆம் நாள் ஆலை முதலாளிகள் இசைந்தனர். அடுத்த ஆண்டு தொழிற்சாலைச் சட்டம் வார விடுமுறைக்கு இடமளித்தது. அதே 1891-இல், மே 15-ஆம் நாள், திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் ரேரும் நோவாரும் சுற்றுமடலில் ஞாயிறு ஓய்வைத் தொழிலாளியின் உரிமைகளோடு வைத்துப் பேசினார். உரோமையும் பம்பாயும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே பொருளைப் பேசியிருக்கின்றன. நமக்கு இஃது இறைத்திட்டமாகவே தோன்றுகிறது. வரலாற்றாசிரியர் தற்செயல் என்பாராயின் மறுக்கமாட்டோம்.

இனி, கசப்பான பகுதி. 1985-இல் மெரினாவை அழகுபடுத்துவதாகக் கூறி, கரையிலிருந்த கட்டுமரங்களையும் வலைகளையும் அரசு அகற்ற முற்பட்டது. மீனவர் எதிர்த்தனர். காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் மீனவர் சிலர் உயிரிழந்தனர். காற்று வாங்க வருவோரின் கண்ணுக்கு வலை உறுத்தலாம் என்பதற்காக, அவ்வலையால் வாழ்பவரை விரட்டலாமா? ஓய்வும் உழைப்பாளி பெற்ற உரிமை; கரையும் உழைப்பாளியின் களம். இரண்டையும் மோதவிட்டது ஆட்சியாளரின் அழகுணர்ச்சி. திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' மடலில், எழில்மிகு இடங்கள் தனியாருடைமையாகி மக்களுக்கு எட்டாமற்போவதைச் சுட்டினார். மெரினாவில் நேர்ந்ததோ இதன் மறுபக்கம்: பொதுமக்கள் பெயராலேயே மக்களில் ஒரு சாராரை வெளியேற்றும் முயற்சி.

1991-இல் வந்த கடலோர ஒழுங்காற்று விதிகள் கரையோரக் கட்டடங்களுக்கு வரம்பு கட்டின. 2011-இலும் 2019-இலும் அவை திருத்தி எழுதப்பட்டன; சுற்றுலாவுக்கு எவ்வளவு இடம், மீனவர்க்கு எவ்வளவு இடம் என்ற வழக்கு ஒவ்வொரு முறையும் எழுந்தது. இடையே 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஒரு ஞாயிறு. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கு மேற்பட்டோர் ஆழிப்பேரலையில் மாண்டனர். தேவனாம்பட்டினம் கடுமையாகத் தாக்குண்டது. வேளாங்கண்ணியில் கரையிலிருந்த திருப்பயணிகள் பலரையும் அலை கொண்டுபோயிற்று.

இப்போது தேவனாம்பட்டினத்தில் ஞாயிறு மாலைக் கூட்டம் மீண்டும் நிறைகிறது. தெற்கே முத்துக்குளித்துறையிலும் குமரிக் கடற்கரையிலும் கத்தோலிக்க மீனவ ஊர்கள் பலவற்றில் ஞாயிறன்று கடலுக்குச் செல்வதில்லை என்பது நெடுநாள் வழக்கம். அன்று வள்ளங்கள் கரையேறிக் கிடக்கும். கடலை நம்பி வாழ்வோர் கோயிலுக்குப் போய்வந்து, அதே மணலில் தம் பிள்ளைகளோடு அமர்ந்திருப்பர்.