மேலிருந்து கீழிறங்கிய கல்வி: இங்கிலாந்துக் காவலர் பட்டப்படிப்பின் பின்புலம்

இங்கிலாந்து, வேல்ஸ் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ‘தொழில்முறைக் காவல்பணி’ இன்று மூன்றாண்டு இளநிலைப் பட்டமாகக் கற்பிக்கப்படுகிறது. இறுதியாண்டில் மாணவர் ஆய்வேடு எழுதுகிறார். சிலர் ஊதியமின்றிச் சிறப்புக் காவலராகச் சீருடை அணிந்து ரோந்தும் போகிறார்கள். ஆனால் பட்டம் கையில் வந்ததும் வேலை வந்துவிடாது. காவல் படைக்குத் தனியே விண்ணப்பித்துத் தேர்வாக வேண்டும். திருடனைப் பிடிக்கப் பட்டம் எதற்கு என்ற கேள்வி அங்கே அடிக்கடி எழுகிறது. வரலாற்றைப் பார்த்தால் அந்நாட்டைக் கூடுதலாக அலைக்கழித்தது வேறொரு கேள்வி என்று தெரிகிறது: படிக்க வேண்டியவர் உயர் அதிகாரியா, தெருவில் நிற்கும் கான்ஸ்டபிளா? நெடுங்காலம் தவறான விடையைச் சுமந்த பிறகே இந்தப் பட்டப்படிப்பு பிறந்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1829இல் ராபர்ட் பீல் லண்டன் மாநகரக் காவல் படையை உருவாக்கியபோது கனவான்களை வேண்டுமென்றே தவிர்த்தார். வாரத்துக்கு 21 ஷில்லிங் ஊதியத்தில் கூலித் தொழிலாளர்களும் இராணுவத்திலிருந்து விலகியவர்களும் சேர்ந்தனர். உயர்பதவி வேண்டுமென்றால் கான்ஸ்டபிளாகத் தொடங்கித்தான் ஏற வேண்டும் என்பது கொள்கை. அதில் ஒரு சமத்துவம் இருந்தது; கல்விக்குத்தான் இடமில்லை. அணிவகுப்பும், மூத்த காவலரின் பின்னால் நடந்து பழகுவதுமே பயிற்சி. குடித்துவிட்டுப் பணிக்கு வந்து வேலை இழந்தவர்கள் தொடக்க ஆண்டுகளில் ஏராளம். லண்டன் படைக்கென்று ‘பீல் ஹவுஸ்’ பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது 1907இல்தான்.

கல்வியை நுழைக்கும் முதல் பெருமுயற்சி மேலிருந்து வந்தது. லண்டன் படையின் கமிஷனர் டிரென்சார்டு 1934இல் ஹெண்டனில் ஒரு காவல் கல்லூரி தொடங்கினார். படித்த இளைஞர்களை நேரடியாக அதிகாரிகளாக ஆக்குவது அவர் திட்டம். காவல் துறைக்குள் ஓர் அதிகாரி வர்க்கம் முளைக்கிறது என்று தொழிற்கட்சியினர் கொதித்தனர். இரண்டாம் உலகப் போர் வெடித்த 1939இல் கல்லூரி மூடப்பட்டது. இந்தியக் காவல் பணிக்கு 1893 முதல் லண்டனில் போட்டித் தேர்வு நடத்தி, அதிகாரிக்கு ஒரு வாசல், காவலருக்கு ஒரு வாசல் என்று பிரித்து வைத்த அதே அரசுதான், தன் வீட்டுக்குள் அந்தப் பிரிவினையை நிலைநிறுத்த முடியாமல் தோற்றது. போருக்குப் பின் 1948இல் ரைட்டனில் தொடங்கி, 1960இல் பிராம்ஷில்லுக்கு மாறிய காவல் கல்லூரியும் ஏற்கெனவே பதவி உயர்ந்தவர்களுக்கும் உயரப் போகிறவர்களுக்கும் உரியதாகவே இருந்தது. கடைநிலைக் காவலர் சில வாரப் பயிற்சியோடு தெருவுக்கு அனுப்பப்பட்டார்.

அந்த ஏற்பாட்டின் விலை 1981இல் தெரிந்தது. லண்டன் பிரிக்ஸ்டனில் சாதாரண உடையில் இறங்கிய காவலர்கள் ஒரு சில நாள்களில் 943 பேரை நிறுத்தினர். கைதானவர்கள் 118 பேர். கலவரம் வெடித்தது. விசாரித்த ஸ்கார்மன் பிரபு, தொடக்கப் பயிற்சி குறைந்தது ஆறு மாதமாவது வேண்டும் என்றார். ஒருவரை நிறுத்திச் சோதிக்கும் நிகழ்வை நெருங்கிப் பார்த்தால் அவர் கவலை புரியும். 1984ஆம் ஆண்டுக் காவல், குற்றச் சான்றுச் சட்டத்துக்குப் பிறகு, சோதிக்கும் காவலர் சந்தேகத்தின் காரணம், தேடும் பொருள், தன் அடையாளம், தன் காவல் நிலையம், சட்டப்பிரிவு ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். பதிவின் நகல் பெறும் உரிமையையும் தெரிவிக்க வேண்டும். இதைப் பட்டியலாக மனப்பாடம் செய்யலாம். ‘நியாயமான சந்தேகம்’ எது, வெறும் முகத்தோற்றத்தின் மீதான ஐயம் எது என்று பிரிப்பதை மனப்பாடம் செய்ய முடியாது. பக்கத்தில் அதிகாரி இல்லாத நேரத்தில், சில நொடிகளில் அதைத் தீர்மானிப்பவர் படையிலேயே இளையவர். வேறு பல துறைகளில் பதவி ஏற ஏற முடிவெடுக்கும் சுதந்திரம் கூடும். காவல் துறையிலோ மக்களை நேரில் தொடும் சுதந்திரம் அடிமட்டத்தில்தான் மிகுதி. கறுப்பின இளைஞர் ஸ்டீவன் லாரன்ஸின் கொலை வழக்கு விசாரணையை ஆராய்ந்த 1999ஆம் ஆண்டு மெக்ஃபர்சன் அறிக்கை நிறுவனமயமான இனவெறியைச் சுட்டியபோது இக்குறை மேலும் வெளிப்பட்டது.

முன்னாள் காவல் தலைவர் பீட்டர் நெய்ரூட்டின் 2011ஆம் ஆண்டு அறிக்கை காவல்பணியை மருத்துவம் போன்ற ஒரு தொழிலாகக் கருதச் சொன்னது. அடுத்த ஆண்டின் இறுதியில் காவல்பணிக்கான தொழில்முறை அமைப்பாக ‘காலேஜ் ஆஃப் போலீசிங்’ உருவானது. அது 2016இல் அறிவித்த திட்டத்தில் மூன்று வழிகள் இருந்தன: வேலை செய்துகொண்டே பட்டம் பெறுவது, வேறு பட்டத்தோடு வருவது, முன்கூட்டியே காவல்பணிப் பட்டம் படிப்பது. மூன்றாவது வழியின் இறுதியாண்டுக்குத் தனிச் சிறப்பு உண்டு. லண்டனில் 2008இல் தொடங்கிய கத்திக் குற்ற ஒழிப்பு நடவடிக்கையில் சோதனைகள் பல மடங்கு பெருகியும், அதனால் குற்றம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று உள்துறை அமைச்சகத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வு சொன்னது. இந்த முடிவை இறுதியாண்டு மாணவர் எந்தக் கூச்சமும் இல்லாமல் விவாதிக்கலாம். உறுதிமொழி எடுத்து ஒரு குழுவில் சேர்ந்த பின், அதே விவாதத்தை எழுப்புவது எளிதல்ல.

எதிர்வாதங்கள் வலுவானவை. பட்டம் கட்டாயமானால் முன்னாள் படைவீரரும் உழைக்கும் வர்க்கத்தினரும் விலகுவார்கள் என்றனர் எதிர்ப்பாளர்கள். லிங்கன்ஷயர் காவல் தலைவர் இத்திட்டத்தை எதிர்த்து நீதிமன்றம் சென்று 2019இல் தோற்றார். ஆனால் 2022இல் உள்துறை அமைச்சர் சுவெல்லா பிரேவர்மன் பட்டம் தேவைப்படாத வழி தொடரும் என்று அறிவித்தார். இது நியாயமான திருத்தம்: பீலின் திறந்த வாசலை மூடினால் ஹெண்டனின் பிழை வேறு உருவில் திரும்பும். பட்டம் நற்குணம் தராது என்பது இன்னொரு வாதம். லண்டன் படையின் பெண்வெறுப்பையும் இனவெறியையும் 2023இல் கேசி அறிக்கை அடுக்கியபோது அது மேலும் வலுத்தது. உண்மைதான், எந்தப் படிப்பும் குணத்துக்கு உத்தரவாதம் தராது. ஆனால் கேசி சுட்டிய நோய்களில் ஒன்று, குறையை மறுத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் பழக்கம். சான்றைக் கேட்டுப் பழகியவர்கள் அதற்கு முழு மருந்தல்ல. அவர்கள் இல்லாமல் மருந்தும் இல்லை.

ஆகவே பட்டத்தை நுழைவுச் சீட்டாக மதிப்பிடுவது பிழை. காவல் துறைக்குப் பல வாசல்கள் இருக்கட்டும். எந்த வாசலில் வந்தாலும், ஒருவரை நிறுத்திச் சோதிக்கும் அதிகாரம் பெறுபவருக்கு, அந்த அதிகாரத்தையே கேள்விக்கு உட்படுத்திப் பார்க்கும் பயிற்சி கிடைத்திருக்க வேண்டும். இறுதியாண்டு ஆய்வேடு தருவது அதைத்தான். பட்டமில்லா வழியிலும் அதற்கு ஈடாக ஒன்றைச் சேர்ப்பதே இனிச் செய்ய வேண்டிய வேலை.