ரெண்டு எம்.பி., ஒரு கடுதாசி

மக்களே, ரெண்டே ரெண்டு எம்.பி.யை வெச்சுக்கிட்டு ஒரு அரசாங்கத்தை என்ன பண்ண முடியும்? கனடாவோட ஏ.ஏ.ஹீப்ஸ் கதையைப் பாருங்க.

1885-ல இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துல, யூதக் குடும்பத்துல பிறந்தவர். தொழில் குஷன் வேலை. அதாங்க, சோஃபா நாற்காலிக்கெல்லாம் பஞ்சு அடைச்சு துணி போர்த்துறது. 1911-ல கனடாவின் வின்னிபெக் போனார். 1917-ல நகரசபை உறுப்பினர்.

1919 மே மாசம் அங்கே பொது வேலைநிறுத்தம், சுமார் 30,000 பேர். ஜூன் 17 விடிகாலையில தலைவர்களைப் பிடிச்சாங்க. ஹீப்ஸும் உள்ளே, ராஜதுரோகச் சதி வழக்கு. மனுஷன் வக்கீல் வைக்காம தானே வாதாடினார். கூட நின்ன ஆறு பேரும் 1920-ல ஜெயிலுக்குப் போக, இவர் மட்டும் விடுதலை!

1925-ல வின்னிபெக் வடக்கு தொகுதி எம்.பி. தொழிலாளர் தரப்புல இவரும் ஜே.எஸ்.உட்ஸ்வொர்த்தும் மட்டும்தான். ஆனா சபையில யாருக்கும் மெஜாரிட்டி இல்ல. 1926 ஜனவரில பிரதமர் மெக்கன்ஸி கிங், எதிர்க்கட்சித் தலைவர் மீகன் ரெண்டு பேருக்கும் ஒரே கடுதாசி போட்டாங்க. (1919 வேலைநிறுத்தத்தை நசுக்கினதுல முக்கியமானவரே இந்த மீகன்தான்!) வேலையில்லாதவங்களுக்கு என்ன செய்வீங்க, வயசானவங்களுக்குப் பென்ஷன் உண்டா? அவ்ளோதான் கேள்வி. மந்திரி பதவி கேக்கல பாருங்க. கிங் தானா குடுக்க வந்தும் உட்ஸ்வொர்த் வேணாம்னுட்டார்.

பென்ஷனுக்கு கிங் எழுத்துலயே சரின்னார். மக்களவையில பாஸ், செனட்ல அவுட். மறுபடி தேர்தல் நடந்து 1927-ல சட்டமாச்சு. 70 வயசாகணும், மாசம் அதிகபட்சம் 20 டாலர், அதுவும் வருமானம் பார்த்துதான். சட்டப்படி பதிவான பழங்குடியினருக்குக் கிடையாது. ரொம்பப் புகழ முடியாதுதான். ஆனா அதுக்கு முன்னாடி நாடு முழுக்க அப்படி ஒண்ணும் இல்லையே!

1938 வாக்குல, நாஜிகள்கிட்டேர்ந்து தப்பி வர்ற யூத அகதிகளுக்குக் கதவைத் திறங்கன்னு இதே கிங்கிட்ட ஹீப்ஸ் மன்றாடினார். நடக்கல. அப்போ கிங்குக்கு மெஜாரிட்டி இருந்துச்சு, இவங்க ஓட்டு தேவைப்படல. எனக்கு இந்தக் கதையில ரொம்ப உறுத்துற இடம் இதுதான்.

கடுதாசியோட முதல் கேள்வியை, அந்த வேலையில்லாதவங்க விஷயத்தை, பஞ்ச காலம் முழுக்க ஹீப்ஸ் விடாம கேட்டுக்கிட்டே இருந்தார். 1940 மார்ச் தேர்தல்ல தோத்தார். அதே வருஷம் ஆகஸ்ட்ல வேலையின்மைக் காப்பீடு சட்டமாச்சு. சபையில அவர் இல்ல.