கந்தோர்: மொஸ்கோவும் யாழ்ப்பாணமும் கடன் வாங்கிய சொல்

யாழ்ப்பாணத்தில் வயது போனவர்களிடம் வழி கேட்டால், "தபாற்கந்தோரடியிலை இறங்குங்கோ" என்பார்கள். கல்விக் கந்தோர், காணிக் கந்தோர், தந்திக் கந்தோர் என்று ஒரு காலத்தில் அரச அலுவலகம் எல்லாமே கந்தோர்தான். தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தச் சொல் புதிதாக இருக்கலாம். பழைய ரஷ்யத் தபால் உறைகளைச் சேகரிப்பவருக்கோ இது அறிமுகமான சொல். ஜார் காலத்து ரஷ்யாவில் தபால் அலுவலகத்துக்கு 'பச்தோவயா கன்தோரா' என்று பெயர். அக்காலத் திகதி முத்திரைகள் சிலவற்றில் ஊர்ப்பெயரோடு அந்தக் 'கன்தோரா'வும் குத்தப்பட்டிருக்கும். நம்முடைய கந்தோரும் அந்தக் கன்தோராவும் ஒரு தாய்ப் பிள்ளைகள்.

தாய், ஒல்லாந்தரின் 'கான்தோர்'. ஒல்லாந்தர் அதைப் பிரெஞ்சிலிருந்து எடுத்தார்கள். பிரெஞ்சுச் சொல்லின் வேர், 'கணக்கிடு' என்று பொருள்படும் இலத்தீன் வினை. வணிகன் காசை எண்ணிப் பரப்பிய பலகைதான் முதற்பொருள். பலகையின் பெயர் அது கிடந்த அறைக்கு வந்தது. அறையின் பெயர் நாளடைவில் அலுவலகத்துக்கு வந்தது. அதே வேரிலிருந்துதான் ஆங்கிலக் 'கவுண்டர்' பிறந்தது. கந்தோருக்குள் போய்க் கவுண்டரில் முத்திரை வாங்குகிறவர் ஒரே சொல்லின் இரண்டு வடிவங்களைக் கடந்துதான் வருகிறார்.

1658இல் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தது. 1795இல் ஆங்கிலேயரிடம் பறிகொடுக்கும்வரை, 137 ஆண்டுகள், குடாநாட்டில் அந்தக் கம்பனியின் கணக்குத்தான் நடந்தது. இந்திய வணிகருக்கு விற்ற யானை, புகையிலை, சாயவேர், பனஞ்சலாகை எல்லாம் அதன் ஏட்டில் ஏறின. ஒல்லாந்தர் கீழைத்தேயங்களில் கடை விரித்த இடமெல்லாம் இந்தச் சொல்லை விட்டுப் போயிருக்கிறார்கள். சிங்களத்தில் கன்தோருவ, இந்தோனேசியாவில் கன்தோர். அங்கே இன்றும் தபாலகத்துக்கு 'கன்தோர் போஸ்' என்றே பெயர்.

இச்சொல் ஆங்கிலத்தின் வழியாக வரவில்லை என்பதற்கு நம் நாக்கே சாட்சி. ஆங்கிலேயரின் 't' ஒலி தமிழ்க் காதுக்கு ட் என்று விழும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் சொன்ன அதே எழுத்து த் என்று விழும். அதனால்தான் தமிழ்நாட்டில் பாட்டில், யாழ்ப்பாணத்தில் போத்தல்; அங்கே நோட்டரி, இங்கே நொத்தாரிசு. கந்தோரில் உள்ள தகரமும் இந்த வழியில் வந்ததே. சிங்களம் அதன் வல்லொலியைக் காப்பாற்றிக்கொண்டது. தமிழிலோ மெல்லெழுத்தை அடுத்த தகரம் மெலிந்து ஒலிக்கும் வழக்கப்படி அது கந்தோர் ஆயிற்று.

இனி மொஸ்கோவுக்கு வருவோம். ஐரோப்பாவில் 1490இல் டாக்சிஸ் குடும்பத்தார் இன்ஸ்புருக்கிலிருந்து மெக்கெலன் வரை குதிரை மாற்றும் நிலைகளை வைத்து அஞ்சல் ஓட்டினார்கள். 'வைக்கப்பட்டது' என்று பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழியில் வந்ததுதான் போஸ்ட், ரஷ்யரின் போச்தா எல்லாம். ரஷ்யாவில் மொங்கோலியர் காலந்தொட்டே 'யாம்' என்ற குதிரை நிலைகள் இருந்தன. ஆனால் அவை அரச ஏவலுக்கு ஓடியவை. மேற்கு ஐரோப்பாவோடு ஒழுங்கான தபால் தொடர்பு 1665இல்தான் ஏற்பட்டது. ஜார் அலெக்சேய் அந்தப் பொறுப்பை யான் வான் ஸ்வீடன் என்ற ஒல்லாந்தரிடம் ஒப்படைத்தார். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை மொஸ்கோவுக்கும் றீகாவுக்கும் இடையில் தபால் ஓடியது. றீகாவுக்கு அப்பால் கோனிக்ஸ்பேர்க், டான்சிக், ஹம்பர்க் வழியாக அம்ஸ்டர்டாமுக்குப் பாதை போனது. 1675இல் அதே தபால் அந்திரேய் வீனியூஸ் கைக்கு வந்தது. அவரும் மொஸ்கோவில் குடியேறிய ஒல்லாந்த வணிகர் ஒருவரின் மகன். 1697இல் மகா பீட்டர் தாமே ஒல்லாந்துக்குப் போய்க் கப்பல் கட்டும் வேலை பழகினார். அவருடைய காலத்தில் ரஷ்ய மொழிக்குள் ஒல்லாந்த, ஜேர்மன் சொற்கள் கூட்டமாக நுழைந்தன. கன்தோராவும் அவற்றில் ஒன்று.

ஆக, யாழ்ப்பாணக் கோட்டையில் ஒல்லாந்தக் கணக்கர் உட்கார்ந்து ஏழே ஆண்டுகளில் மொஸ்கோவின் தபாலை இன்னோர் ஒல்லாந்தர் கையேற்றார். ஒரு வேறுபாடு முக்கியம். மொஸ்கோவில் ஒல்லாந்தர் சம்பளத்துக்கும் இலாபத்துக்கும் வேலை செய்தவர்கள், ஜாருக்கு அடங்கியவர்கள். யாழ்ப்பாணத்தில் அவர்களே ஆட்சியாளர்கள். ரஷ்யர் இந்தச் சொல்லைத் தாமாக வேண்டி எடுத்தார்கள். நம்மவர்கள் வரி கட்டவும் காணி பதியவும் அலைந்த இடத்தில் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்து வரலாற்றின் அழகு அதற்குப் பிறகுதான் தெரிகிறது. தபாற் சேவையை ஊருக்கு ஊர் பரப்பியவர்கள் ஆங்கிலேயர். 1857 ஏப்ரல் 1ஆம் திகதி விக்டோரியா அரசியின் தலை பொறித்த ஆறு பென்ஸ் முத்திரை இலங்கையில் வெளியாயிற்று. ரஷ்யப் பேரரசு முழுவதற்குமான முதல் முத்திரை, பத்துக் கோப்பெக், புழக்கத்துக்கு வந்தது 1858 ஜனவரியில், நமக்குப் பிந்தித்தான். ஆட்சி ஆங்கிலேயருடையது, முத்திரை லண்டனில் அச்சானது. ஆனால் சனங்கள் 'போஸ்ட்'டையும் எடுக்கவில்லை, 'ஒஃபிஸை'யும் எடுக்கவில்லை. தென்னிந்தியாவிலும் மராத்திய நாட்டிலும் வழங்கிய தபாலை எடுத்தார்கள், முன்னைய ஆட்சியின் கந்தோரை எடுத்தார்கள், இரண்டையும் சேர்த்தார்கள். சேர்த்தபோது லகர ஈறு வல்லினம் வர றகரமாகத் திரிந்தது: தபாற்கந்தோர். பாற்குடத்துக்கும் கற்கண்டுக்கும் உள்ள அதே புணர்ச்சி. இரவல் சொற்கள் இரண்டைத் தமிழ் இலக்கணம் தைத்துத் தனதாக்கிக்கொண்ட தையல் அந்த ஓர் எழுத்தில் தெரிகிறது.

அந்தக் கந்தோருக்குள் மற்றச் சொற்களும் இப்படித்தான். தபால் அதிபர் இழுக்கும் மேசை லாச்சி ஒல்லாந்தச் சொல். அதிலிருந்து எடுத்துக் கிழிக்கும் முத்திரை வடமொழி. அது ஒட்டப்படும் கடதாசி போர்த்துக்கேயம். பேனையும் போர்த்துக்கேயமே. எழுதப்படும் செய்தி மட்டும் முழுக்க நம்முடையது.

இன்று பெயர்ப்பலகைகளில் தபாலகம், உபதபாலகம், அஞ்சல் அலுவலகம் என்று எழுதியிருக்கிறது. நல்ல சொற்கள்தான், அவை வந்ததில் குறை இல்லை. ஆனால் கந்தோர் என்ற சொல் பேச்சிலிருந்து கழன்றுபோகும்போது, குடாநாடு யாரோடெல்லாம் கொடுத்து வாங்கி வாழ்ந்தது என்பதற்கான சான்று ஒன்றும் கூடவே போகிறது. பழைய தபால் சேகரிப்பவர்கள் முத்திரையின் நிறத்தையும் பல்லையும் பார்ப்பதோடு நிறுத்தக்கூடாது. உறையில் கையால் எழுதிய முகவரியையும் படிக்க வேண்டும். 'தபாற்கந்தோர்' என்று எழுதிய பழைய உறை, தபாலட்டை, காசுக்கட்டளைத் துண்டு வீட்டுப் பெட்டியில் கிடந்தால், முத்திரையை வெட்டி எடுத்துவிட்டு மிச்சத்தை எறியாதீர்கள். முழு உறையாக வையுங்கள். ரஷ்யக் 'கன்தோரா' குத்திய உறை ஒன்றும் கிடைத்தால் இரண்டையும் ஒரே பக்கத்தில் ஒட்டுங்கள். தபால் வரலாற்றில் யாழ்ப்பாணத்துக்கு உரிய இடம் அந்தப் பக்கம்தான்.