நீல பம்ப் ஏன் மலிவு?

இந்த வாரம் திண்டுக்கல்லில் இருந்து, எங்க வீட்டு மாடி ரூமில் ரெக்கார்ட் பண்றேன். பின்னாடி பஸ் ஹாரன் கேட்டா மன்னிச்சுக்கோங்க.

அம்மா பல வருஷம் நூல் மில்லில் வேலை பார்த்தவங்க. பஞ்சுத் தூசியும் இளைப்பும் எங்க ஊருக்குப் புதுசு இல்லை. டாக்டர் ரெண்டு இன்ஹேலர் எழுதியிருந்தார்: மூச்சு முட்டும்போது அடிக்கிற நீல பம்ப் ஒண்ணு, தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து ஒண்ணு. மருந்துக்கடைக்குக் கிளம்பும்போது அம்மா சொன்னாங்க, "நீலத்தை மட்டும் வாங்கிட்டு வாப்பா. இன்னொண்ணு விலை ஜாஸ்தி."

சரி, நீலம் மட்டும் எப்படி மலிவாச்சு?

இன்ஹேலர் பிறந்தது அமெரிக்காவில். ஆஸ்துமா இருந்த ஒரு சிறுமி, ரைக்கர் கம்பெனித் தலைவரான தன் அப்பாவிடம், "ஹேர் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தையும் டப்பாவில் அடைக்க முடியாதா?" என்று கேட்டாளாம். 1956-ல் அது விற்பனைக்கு வந்தது. நீல பம்பில் இருக்கும் சால்பியூட்டமால், 1969-ல் பிரிட்டனில் அறிமுகமானது.

அந்தக் காலத்தில் இந்தியாவில் மருந்து விலை உலகிலேயே அதிகமான விலைகளில் ஒன்று. இதைச் சொன்னது அமெரிக்க செனட்டின் கெஃபாவர் குழு! வெள்ளைக்காரன் காலத்து 1911 காப்புரிமைச் சட்டம்தான் அப்போதும் நடைமுறையில் இருந்தது. அதை ஆராய்ந்தவர் மெட்ராஸ் ஹைகோர்ட் நீதிபதியாக இருந்த நம்ம ஊர் என். ராஜகோபால அய்யங்கார். 1959-ல் அவர் கொடுத்த அறிக்கையின் சாரம் இதுதான்: காப்புரிமைகளில் பெரும்பகுதி வெளிநாட்டவர் கையில் இருக்கு, அதில் பெரும்பாலானதை அவங்க இங்கே தயாரிப்பதே இல்லை.

அதன் அடிப்படையில் வந்ததுதான் 1970 சட்டம். 1972-ல் அமலானது. மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான். நம்ம பாஷையில் சொன்னா, அவுட்புட் யாருக்கும் சொந்தமில்லை. அல்காரிதம் மட்டும்தான் சொந்தம். வேறு வழியில் அதே மருந்தைச் செய்தால் தப்பில்லை. சிப்லா மாதிரி கம்பெனிகள் எழுபதுகளிலேயே இங்கே இன்ஹேலர் செய்ய ஆரம்பிச்சாங்க. போட்டி வந்தது, விலை இறங்கியது.

2005-ல் உலக வர்த்தக ஒப்பந்தத்தால் பொருள் காப்புரிமை திரும்பி வந்தது. ஆனால் பழைய மருந்தான சால்பியூட்டமாலை அது தொடவில்லை.

அப்போ தடுப்பு மருந்து? இங்கேதான் சிக்கல். 2013 விலைக் கட்டுப்பாட்டு ஆணை, அத்தியாவசிய மருந்துகளுக்கு உச்ச விலை வைக்குது. ஆனால் அந்தக் கணக்கு தயாரிப்புச் செலவை வைத்து இல்லை. சந்தையில் ஏற்கெனவே விற்கிற பிராண்டுகளின் சராசரி விலையை வைத்து. எல்லா பிராண்டும் விலை கூட இருந்தால் சராசரியும் கூடத்தானே?

இதற்கு வேறு வழி காட்டியதும் தமிழ்நாடுதான். 1995-ல் இருந்து தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், பிராண்ட் பெயரை விட்டுட்டு மருந்தின் பெயரில் மொத்தமாக டெண்டர் போட்டு வாங்கி, அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புது.

நான் என்ன பண்ணினேன்? முதலில் விலையை டோஸ் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தேன். பிராண்டுக்கு பிராண்ட் வித்தியாசம் தெரிஞ்சது. அப்புறம் டாக்டரிடமே போய், "இதே மருந்து குறைஞ்ச விலையில் இருக்கா?"ன்னு கேட்டேன். பம்புக்குப் பதிலா, கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சும் ரோட்டாகேப் வகையை எழுதிக் கொடுத்தார். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் விசாரிக்கச் சொன்னார்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க. நீலம் அந்த நேரத்து மூச்சைத்தான் காப்பாத்தும்; உள்ளே இருக்கிற வீக்கத்தைக் குறைக்காது. அதை மட்டும் நம்பி இருப்பது ஆபத்துன்னு 2019-ல் உலக ஆஸ்துமா வழிகாட்டுதலே சொல்லிடுச்சு. காசுக்காகத் தடுப்பு மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க. முதலில் டாக்டரிடம் விலையைப் பத்திப் பேசுங்க. அதில் வெட்கப்பட ஒண்ணுமில்லை.

அம்மா இப்போ ரெண்டையும் எடுக்கிறாங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.